நூறு இன்ச் ஆசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய டிவி, புரொஜெக்டர், தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் ஹெட்செட் இவற்றைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கிவிட்டேன். "எது சார் பெஸ்ட்?" என்று ஒரே வரியில் எழுதியவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை. உட்காரும் இடத்திலிருந்து சுவர் எவ்வளவு தூரம், பகலில் பார்ப்பீர்களா ராத்திரியிலா, கூட உட்காருவது எத்தனை பேர் என்று எழுதினால்தான் எதுவும் சொல்ல முடியும்.

எங்கள் ஹாலில் சோபாவுக்கும் டிவி சுவருக்கும் பத்தடி. இப்போது இருப்பது 43 இன்ச். 75 வாங்கலாம் என்று போனால் கடைக்காரர் 98-ஐ வாங்கச் சொல்லி இழுக்கிறார். பத்தடியில் 98 இன்ச் கண்ணைக் கெடுத்துவிடாதா?
*வாசகர், மதுரை*

கண் கெடாது. இருட்டு அறையில் பளீரென்று டிவியை வைத்து, கண் இமைக்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கண் எரியும், அது 32 இன்ச்சிலும் எரியும்.

இன்ச்சை மறந்துவிட்டுக் கோணத்தைப் பாருங்கள். திரையின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் உங்கள் கண்ணிலிருந்து இரண்டு கோடு போட்டால் நடுவில் வரும் கோணம் எவ்வளவு என்பதுதான் படம் "பெரிசா" தெரிவதைத் தீர்மானிக்கிறது. சினிமா பார்க்க 30 டிகிரியாவது வேண்டும் என்பது எஸ்எம்பிடிஇ என்ற திரைத்துறைப் பொறியாளர் அமைப்பின் வழியில் வந்த கணக்கு, தியேட்டர் தரத்துக்குச் சான்று தரும் டிஎச்எக்ஸ்காரர்கள் 40 டிகிரி வரை போகச் சொல்கிறார்கள். டிகிரி அளக்க வேண்டியதில்லை. தூரத்தை இன்ச்சில் எழுதிக்கொண்டு 1.6-ஆல் வகுத்தால் 30 டிகிரிக்கான திரை, 1.2-ஆல் வகுத்தால் 40 டிகிரிக்கான திரை வரும். பத்தடி என்றால் 120 இன்ச். வகுத்தால் 75 ஒரு பக்கம், 100 இன்னொரு பக்கம். ஆக நீங்கள் கேட்டதும் சரி, கடைக்காரர் சொல்வதும் சரி, இரண்டுமே வரம்புக்குள்தான் இருக்கின்றன.

ஆனால் கடைக்காரர் உங்களிடம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த டிவியில் என்ன ஓடப்போகிறது? வீட்டில் காலை முதல் ராத்திரி வரை கேபிளில் சாதா சேனல் ஓடும் என்றால் 98 இன்ச் ஒரு தண்டனை. சாதா சேனலில் வரும் படத்தில் மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான், 4கே திரையில் இருப்பதோ 83 லட்சம் புள்ளிகள். அதாவது இருபது புள்ளியில் ஒன்றுதான் கேபிளிலிருந்து வருகிறது, மீதி பத்தொன்பதை டிவியே குத்துமதிப்பாகப் போட்டு நிரப்புகிறது. 43 இன்ச்சில் அது தெரியாது. 98-ல் நியூஸ் வாசிப்பவரின் முகம் மெழுகு பூசினதுபோல இருக்கும், கீழே ஓடும் எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல ஏதோ நெளியும். ஓடிடியில் நல்ல தரத்தில் படம், கிரிக்கெட், இதுதான் முக்கியம் என்றால் பெரிசாகப் போங்கள். 4கே-க்கு இன்டர்நெட்டில் 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது, அது விட்டு விட்டு வராமல் இருக்க வேண்டும். இரண்டும் கலந்து பார்க்கிற வீடு என்றால் நான் 75-ல் நிற்பேன், மீதிப் பணத்தில் சவுண்ட்பார் வாங்குவேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 98 இன்ச் என்றால் அகலம் 217 செ.மீ., உயரம் 122 செ.மீ. பழைய தினசரித் தாள்களை ஒட்டி அந்த அளவுக்குச் சுவரில் மாட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், சாப்பாட்டு மேஜையிலிருந்து பாருங்கள். பூஜை அலமாரிக் கதவு திறக்கிறதா, ஏசி காற்று வரும் வழி அடைபடுகிறதா, வீட்டம்மா என்ன சொல்கிறார், எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர், "12,000 லுமென்ஸ், 4கே, 200 இன்ச்" என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

அந்த மூன்று எண்ணில் எதுவும் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை.

லுமென்ஸ் என்பது மொத்த வெளிச்சம். அதை எங்கே அளந்தார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது. உள்ளே இருக்கும் எல்இடி விளக்கின் வெளிச்சத்தைச் சொல்லலாம், அல்லது மனதுக்குத் தோன்றியதைப் போடலாம், அட்டைப் பெட்டியில் அச்சடிக்க யாரும் தடுக்கப் போவதில்லை. திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுப்பது ஏஎன்எஸ்ஐ லுமென்ஸ். ஐஎஸ்ஓ லுமென்ஸ் என்று போட்டிருந்தாலும் ஓரளவு நம்பலாம். இந்த இரண்டு பெயரும் இல்லாமல் வெறும் "லுமென்ஸ்" என்றிருந்தால் அந்த எண்ணை அப்படியே அழித்துவிட்டுப் படியுங்கள்.

இப்போது உண்மைக் கணக்கு. 100 இன்ச் திரையின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. தியேட்டர் திரையில் இருக்கவேண்டிய வெளிச்சம் சதுர அடிக்குச் சுமார் 16 லுமென்ஸ். பெருக்கினால் 480. ஆக, நிஜமான 500 லுமென்ஸ் இருந்தாலே கும்மிருட்டு அறையில் 100 இன்ச் படத்தைத் தியேட்டர் வெளிச்சத்தில் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறையில் ஒரு டியூப்லைட்டைப் போட்டுப் பாருங்கள், அதுவே அந்தத் திரைமேல் சதுர அடிக்குப் பத்து லுமென்ஸ் அளவுக்குக் கொட்டிவிடும். புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் அனுப்ப முடியும், கறுப்பை அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடம் என்பது வெளிச்சம் போகாத வெள்ளைச் சுவர்தான். டியூப்லைட் எரிந்தால் அந்தக் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும், ராத்திரிக் காட்சி எதுவும் புரியாது. மலிவு மாடல்களில் நிஜ வெளிச்சம் 200, 300 என்றுதான் இருக்கும், அதை 200 இன்ச்சுக்கு விரித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது, வெளிச்சம் கால்வாசியாகிறது. 200 இன்ச் வரும், அதில் படம் இருக்காது.

அடுத்தது 4கே. கூர்ந்து படித்தால் "4கே சப்போர்ட்" என்று எழுதியிருக்கும். 4கே படத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், காட்டுவது அதனுடைய சொந்தப் புள்ளிகளில்தான், பெரும்பாலும் 1280-க்கு 720, சிலதில் அதற்கும் கீழே. "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ற வரியைத் தேடுங்கள், அதை மட்டும் நம்புங்கள். அப்புறம் நெட்ஃப்ளிக்ஸ் முதலான ஓடிடிகள் அங்கீகாரம் இல்லாத கருவியில் எச்டி தரத்தைத் தராது, சிலதில் திறக்கவே திறக்காது. போனிலிருந்து மிரர் செய்து பார்க்கலாம் என்றால் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கும். நகல் எடுப்பதைத் தடுக்க அவர்கள் போட்டிருக்கும் பூட்டு அது, உங்கள் போனில் கோளாறு இல்லை. எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஃபயர் ஸ்டிக் மாதிரி ஏதாவது செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எட்டாயிரத்தில் இதை வாங்குவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் சேர்த்து, நேட்டிவ் 1080பி (1920-க்கு 1080 புள்ளிகள்), 400 முதல் 500 ஏஎன்எஸ்ஐ லுமென்ஸ் உள்ள ஒன்றை வாங்குங்கள். ஹாஸ்டல் அறையில் விளக்கை அணைத்து நான்கு பேர் பார்க்க அது போதும்.

நான் பெங்களூரில் ஒரு பிஜி-யில் இருக்கிறேன். அறையில் கட்டில், அலமாரி, ஒரு ஃபேன். டிவி வைக்க இடமில்லை. விஆர் ஹெட்செட் வாங்கினால் ஐமேக்ஸ் மாதிரி பார்க்கலாம் என்கிறார்கள். நிஜமா?
*ஐடி ஊழியர், சொந்த ஊர் ஈரோடு*

பாதி நிஜம். அளவில் ஐமேக்ஸ் மாதிரிதான். எதிரே ஆளுயரத்துக்கு மேல் திரை, சுற்றிலும் இருட்டு, பக்கத்தில் பாப்கார்ன் கடிக்கிறவர் இல்லை. முதல் பத்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்ப்பீர்கள்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு டிகிரிக்குள் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். 2023-ல் வந்த மெட்டா குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 புள்ளிகள் இருக்கின்றன, எண்ணைக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அதை உங்கள் பார்வை முழுவதும் விரித்துவிடுகிறார்கள், அதனால் டிகிரிக்கு 25 சொச்சம்தான் கிடைக்கிறது. அதற்குள் 60 டிகிரிக்கு ஒரு சினிமாத் திரையை வைத்தால் அந்தத் திரையின் அகலத்துக்குக் கிடைப்பது 1500 புள்ளிகள். ஃபுல் எச்டி-க்கே 1920 வேண்டும். ஆக, பெரிய திரை, ஆனால் லேசாகக் கலங்கிய திரை. சப்டைட்டில் படிக்கும்போது அது தெரியும். ஆப்பிள் விஷன் ப்ரோ இதைவிட எவ்வளவோ கூர்மை, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடி புள்ளிகள், ஆனால் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது விலை 3,499 டாலர். அந்தப் பணத்துக்கு இங்கே டிவியோடு சேர்த்து அதை வைக்க ஒரு வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிடலாம்.

அடுத்து எடை. குவெஸ்ட் 3 அரை கிலோவுக்குச் சற்று மேல், முதலில் வந்த விஷன் ப்ரோ 600 கிராமைத் தாண்டும். அத்தனையும் முகத்தின் முன்பக்கம் தொங்குகிறது. அரை மணி நேரத்தில் கன்ன எலும்பு மேல் அழுத்தம், ஒரு மணி நேரத்தில் கழுத்து, ஏசி இல்லாத அறையில் அதற்கும் முன்பே நெற்றியில் வேர்வை, லென்ஸில் பனி. பேட்டரியோ சுமார் இரண்டு, இரண்டரை மணி நேரம். நம் படம் இரண்டே முக்கால் மணி நேரம், சண்டை முடிந்து வில்லன் திருந்தும் நேரத்தில் அணைந்துவிடும். ஒயரைச் செருகிக்கொண்டு பார்க்கலாம்தான், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கும் பிஜி எனக்குத் தெரிந்து குறைவு.

உங்கள் நிலைமைக்கு நான் வேறொன்று சொல்வேன். எக்ஸ்ரியல், விட்யூர் என்றெல்லாம் பெயர்களில் கூலிங் கிளாஸ் மாதிரி வருகிறதே, அந்தத் திரைக் கண்ணாடிகள். நூறு கிராமுக்குள் எடை. ஒரு கண்ணுக்கு ஃபுல் எச்டி, அதையும் 45, 50 டிகிரிக்குள் சுருக்கி வைத்திருப்பதால் படம் குவெஸ்டைவிடக் கூர்மையாகவே இருக்கும். பேட்டரி கிடையாது, போனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்து விட்டத்தில் படம் பார்க்கலாம். ஒரே எச்சரிக்கை: உங்கள் போனின் டைப்-சி துளை படத்தை வெளியே அனுப்பும் வகையா என்று முதலில் பாருங்கள். ஐபோன் 15-லிருந்து உண்டு, விலை உயர்ந்த சாம்சங்கில் உண்டு, இருபதாயிரத்துக்குள் இருக்கும் பல போன்களில் கிடையாது. துளை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வாங்கி வந்து செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும்.

என் மகனுக்கு 9 வயது. ஹெட்செட் கேட்கிறான்.
*வாசகி, நாகர்கோவில்*

வேண்டாம். மெட்டாவே பத்து வயதுக்குக் கீழே கூடாது என்கிறது, ஆப்பிள் பதிமூன்று என்கிறது. விற்கிறவர்களே வேண்டாம் என்று சொல்லும்போது நாம் ஏன் வாதாட வேண்டும்?

எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் 3. ஹெட்செட்டில் திரை கண்ணுக்கு இரண்டு விரல் தூரத்தில்தானே இருக்கிறது, அதைக் கண்ணாடி போடாமலே பார்க்கலாம்தானே?
*வாசகர், புதுச்சேரி*

அருமையான கேள்வி, பதில் ஏமாற்றமாக இருக்கும். திரை கண் முன்னால் இருந்தாலும் நடுவில் இருக்கும் லென்ஸ் அதை ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல ஆக்கிவிடுகிறது. கண் அந்தத் தூரத்துக்குத்தான் குவிய வேண்டும். மைனஸ் 3 என்றால் உங்களுக்கு முப்பது செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கல், ஆகவே கண்ணாடி வேண்டும். உங்கள் பவருக்கு உள்ளே பொருத்தும் லென்ஸ் தனியாகச் செய்து வாங்கலாம். வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அதைக் கழற்ற வேண்டும், அதுதான் தொல்லை.

2011-லேயே சோனி இப்படி ஒன்று விட்டதாக என் நண்பர் சொல்கிறார். அப்போதே வந்த பொருள் ஏன் இன்னும் டிவியை ஒழிக்கவில்லை?
*வாசகர், சென்னை-78*

நண்பர் சொன்னது சரி. எச்எம்இசட்-டி1 என்று பெயர். இருபது மீட்டர் தூரத்தில் 750 இன்ச் திரை இருப்பதுபோலத் தெரியும் என்று விளம்பரம் செய்தார்கள், எடை 420 கிராம். நம் ஊரில்கூட 2023-ல் ஜியோ டைவ் என்று 1,299 ரூபாய்க்கு ஒரு பெட்டி வந்தது, போனை உள்ளே செருகி ஐபிஎல் பார்க்க. போன் திரையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி என்று இரண்டு கண்ணுக்குக் கொடுத்தால் எவ்வளவு தெளிவு வருமோ அவ்வளவு வரும்.

டிவி ஏன் ஒழியவில்லை என்றால், படம் பார்க்கும்போது நாம் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. காமெடிக்குச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் சிரித்தாரா என்று பார்க்கிறோம், ட்விஸ்ட் வரும் இடத்தில் ஏற்கெனவே படம் பார்த்த தம்பி நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், நடுவில் அம்மா வந்து "இவன் அந்தப் படத்துல போலீஸா வந்தவன்தானே?" என்று கேட்பார், பால்காரர் பெல் அடிப்பார். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டவர் இதிலிருந்து எழுந்து போய்விட்டார். அவர் எதைப் பார்க்கிறார் என்று வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. தனியாக இருப்பவருக்கு அது வசதி. நான்கு பேர் இருக்கும் வீட்டில் நான்கு ஹெட்செட் வாங்கி நால்வரும் தனித்தனித் தீவாக உட்காருவதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது, பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஹெட்செட்டுக்கு எதிரி கிடையாது. அது 3டி. வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே காட்டுவதால் தியேட்டர் கண்ணாடியில் வரும் மங்கலும் இரட்டைப் பிம்பமும் இல்லை. 3டி டிவியை எல்ஜி, சோனி வரை எல்லாரும் 2017-ல் கைகழுவிவிட்டார்கள், ஆகவே வீட்டில் 3டி வேண்டுமென்றால் ஹெட்செட், இல்லாவிட்டால் நல்ல புரொஜெக்டர்.

பெரிய டிவி வாங்கினோம். எல்லாப் படமும் சீரியல் மாதிரி தெரிகிறது. ஹீரோ ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடுவதுபோல இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
*வாசகி, கும்பகோணம்*

கொடுக்காதீர்கள், ரிமோட்டை எடுங்கள். சினிமா விநாடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. சீரியல், நியூஸ், கிரிக்கெட் எல்லாம் அதைவிட அதிக வேகத்தில். உங்கள் டிவி "வழுவழுப்பாக" காட்டுகிறேன் என்று நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே தயாரித்துச் சொருகுகிறது, அதனால் படம் சீரியலாகிவிடுகிறது. செட்டிங்ஸில் பிக்சர் என்பதற்குள் போனால் மோஷன் என்ற சொல்லோடு ஏதாவது இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், அதை ஆஃப் செய்யுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் இன்னும் சுலபம், ஒரே அழுத்தில் எல்லாம் சரியாகும். முதலில் படம் மஞ்சளாக, மங்கலாகத் தெரிவதுபோல இருக்கும், ஏனென்றால் கடையில் பளிச்சென்று தெரிய வைத்திருந்த விவிட் மோடின் நீலத்துக்குக் கண் பழகியிருக்கிறது. ஒரு வாரம் பொறுங்கள்.

கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் மோஷனை மறுபடி போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

4கே டிவியில் போட்டாலும் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறதே?
*வாசகர், வேலூர்*

டிவி 16-க்கு 9, பெரிய படங்கள் பல 2.39-க்கு 1 என்ற நீள அளவில் எடுக்கப்படுகின்றன. அதனால் உங்கள் திரையில் கால்வாசி கறுப்பாகத்தான் நிற்கும். ரிமோட்டில் ஜூம் போட்டு நிரப்பாதீர்கள், இடமும் வலமும் நிற்கிறவர்களின் தலை போய்விடும்.

நூறு இன்ச்சுக்கு கரண்ட் பில் எகிறுமா?
*வாசகர், சேலம்*

250 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் நான்கு மணி நேரம் பார்த்தால் இரண்டு மாதப் பில்லில் 60 யூனிட். இலவச யூனிட் போக நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள், ஓரத்தில் இருந்தால் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். ஆனாலும் ஏசிக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை.

பத்து வருடத்துக்கு முன் 55 இன்ச் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். இப்போது 75 எப்படி இவ்வளவு இறங்கியது? தரம் குறைந்துவிட்டதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தர்மபுரி*

தரம் குறையவில்லை ஐயா, கண்ணாடி பெரிசாகிவிட்டது. எல்சிடி திரையை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் செய்து பிறகு வெட்டுகிறார்கள். சீனாவில் ஹெஃபெய் நகரில் பிஓஇ நிறுவனம் 2018 வாக்கில் முழு வீச்சில் இறங்கிய தொழிற்சாலையில் தகடு 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர். நம் ஊரில் ஒரு சின்னப் படுக்கையறையே அவ்வளவுதான். அதில் 75 இன்ச் ஆறு வெட்டலாம், 65 என்றால் எட்டு, பெரிதாக எதுவும் வீணாகாது. இப்படி இன்னும் பல ஆலைகள் வந்தன, திரை குவிந்தது, விலை சரிந்தது. இதில் கட்டுப்படியாகாமல் 2022-ல் சாம்சங் டிஸ்ப்ளே எல்சிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இங்கே 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் புரொஜெக்டருக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் ஒரு காரணம்.

2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி 14 இன்ச். உங்கள் மாணவர்கள் பலர் அதில் படம் பார்த்து வளர்ந்திருப்பார்கள். 75 இன்ச்சின் பரப்பு அதைப்போல ஏறக்குறைய 25 மடங்கு.

எங்கள் ஹாலில் இரண்டு பெரிய ஜன்னல். பகலிலும் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி வைக்கும் லேசர் புரொஜெக்டர் நன்றாக இருக்கும் என்கிறார்களே?
*வாசகர், கோவை*

அல்ட்ரா ஷார்ட் த்ரோ என்பது அதுதான். டிவி ஸ்டாண்டு மேலேயே வைத்தால் ஒரு முழ தூரத்திலிருந்து சுவரில் 100 இன்ச் படம் வரும், நடுவில் யாரும் குறுக்கே போனாலும் நிழல் விழாது. லேசர் விளக்கு 20,000 மணி நேரம் வரும் என்கிறார்கள், தினம் நான்கு மணி நேரம் என்றால் பதின்மூன்று வருடம். பழைய பல்பு மாடலில் மூன்று நான்கு வருடத்தில் பல்பு மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் வெறும் சுவரில் போட்டால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும் படத்தில் அலையாகத் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் கீழேயிருந்து படு சாய்வாக வருகிறது. கீழிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் உங்கள் பக்கம் திருப்பி, மேலிருந்து விழும் வெளிச்சத்தை விழுங்கும் விசேஷத் திரை வேண்டும், அந்தத் திரைக்கே நல்ல விலை. எல்லாம் கூட்டிப் பாருங்கள், 98 இன்ச் டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு ஜன்னல், பகல் வெளிச்சம், அதே காசு என்றால் டிவிதான். 120 இன்ச்சுக்கு மேல் வேண்டும், திரைச்சீலையை இழுத்துவிடத் தயார் என்றால் மட்டும் புரொஜெக்டர் பக்கம் வாருங்கள்.

வீட்டு விசேஷத்துக்கு மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் போட ஆசை. என்னென்ன வேண்டும்?
*வாசகர், காரைக்குடி*

புரொஜெக்டர் பிறந்ததே இதற்குத்தான் என்பேன். 1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார், அந்த வழியில்தான் நீங்களும் போகிறீர்கள்.

எட்டடி அகலத்துக்கு வெள்ளைத் துணி போதும், ஆனால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். காற்றில் துணி உப்பினால் ஹீரோவுக்குத் தொந்தி வரும். மூங்கில் கம்பு இரண்டு பக்கமும், அடிப்பகுதியில் செங்கல். துணிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் போர்வை அல்லது தார்ப்பாய் கட்டினால் வெளிச்சம் பின்பக்கம் கசிந்து வீணாகாது. தெருவிளக்குக்கு முதுகு காட்டும் திசையில் திரையை வையுங்கள். ஏழு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்க முடியும், ஆகவே சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் என்றால் ஈசல் முழுக்க அந்த வெளிச்சத்துக்கே வரும், லென்ஸ் முன்னால் ஒன்று உட்கார்ந்தால் திரையில் அது யானை அளவு தெரியும், பிள்ளைகளுக்கு அதுவே பாதிப் படம். புரொஜெக்டர் ஸ்பீக்கரை நம்பாதீர்கள், திறந்த வெளியில் காற்று தின்றுவிடும், ஒரு பெரிய புளூடூத் ஸ்பீக்கர் என்றாலும் முடிந்தால் ஒயரிலேயே இணையுங்கள், இல்லாவிட்டால் வாய் அசைந்த பிறகு வசனம் வரும். பனி இறங்கும் முன் மெஷினை மூடி எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரர்களோடு பார்க்கும்வரை சரி. டிக்கெட் போட்டு, ஊரைக் கூட்டி என்று போனால் அதற்கு முறைப்படி உரிமை வாங்க வேண்டும்.

98 இன்ச் முடிவே செய்துவிட்டேன். நான்காவது மாடி, லிஃப்ட் இருக்கிறது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?
*வாசகர், தாம்பரம்*

லிஃப்ட் இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். டிவியே 2.17 மீட்டர் நீளம், பெட்டியோடு சேர்த்தால் இன்னும் கூடும், சாதாரண அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் நுழையாது. இதைப் படுக்க வைத்துத் தூக்கக் கூடாது, நின்ற வாக்கில்தான் தூக்க வேண்டும், எடை 50 கிலோவுக்கு மேல். ஆகவே படிக்கட்டுதான், படிக்கட்டிலும் திரும்புகிற இடம்தான் சிக்கல். ஆர்டர் போடும் முன் டேப் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு லேண்டிங்கிலும் கைப்பிடியிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்துகொள்ளுங்கள், பெட்டியின் அளவைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். மாடிவரை ஏற்றித் தருவது டெலிவரியில் சேர்த்தியா, கீழே கேட்டோடு சரியா என்பதையும் பணம் கட்டும் முன் கேளுங்கள், பலர் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சுவர் செங்கல்லா, லேசான ஏஏசி பிளாக்கா என்று பில்டரிடம் விசாரியுங்கள். பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டு ஸ்க்ரூ ஏற்றினால் நிற்காது, அதற்கென்று இருக்கும் ஆங்கர்தான் போட வேண்டும். மாட்ட வருகிற பையன் "இதுவே போதும் சார்" என்பான். சம்மதிக்காதீர்கள். பெட்டியைப் பிரித்ததும், சுவரில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, தரையில் நிமிர்த்திப் பிடித்து ஆன் செய்து, முழு வெள்ளைப் படம் ஒன்றும் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் போட்டுக் கோடு, புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள், அதை வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு சொன்னால் மாட்டும்போது உடைந்தது என்பார்கள்.

அட்டைப் பெட்டியை வாரண்டி முதல் மாதமாவது தூக்கிப் போடாதீர்கள். வைக்க இடம் எங்கே என்று கேட்டால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்.